நிலம் உள்ள கம்பெனியின் பங்கு கை மாறினால் டியூட்டி: ‘நியாயமில்லை’ என்று ஆணையரிடம் விலக்கு கேட்கலாமா?

கேள்வி இதுதான்: சிட்னியில் மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு கம்பெனி வைத்திருக்கிறார்கள். கம்பெனி பேரில் ஒரு குடோன், மதிப்பு 30 லட்சம் டாலர். இருவருக்கு ஆளுக்கு 40 சதவீதம், ஒருவருக்கு 20. அந்த 20 சதவீதக்காரர் இப்போது விலகுகிறார். அவருடைய ஷேர்களைக் கம்பெனியே பணம் கொடுத்துத் திரும்ப வாங்கி ரத்து செய்துவிடும். மிச்சமிருக்கும் இருவரும் ஆளுக்கு 50 சதவீதம் ஆகிவிடுவார்கள். அக்கவுண்டன்ட், ‘லேண்ட்ஹோல்டர் டியூட்டி கட்ட வேண்டும்’ என்கிறார். ‘நாங்கள் எதையும் வாங்கவே இல்லையே? நியாயமில்லை என்று பட்டால் மாநில வருவாய்த் துறையின் தலைமை ஆணையர் விலக்கு தரலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறதாமே, அதைக் கேட்டால் கிடைக்குமா?’

இந்தக் கணக்கில் கிடைக்காது என்பதுதான் என் கருத்து. ஆனால் ஏன் கிடைக்காது, எந்த மாதிரி விஷயத்துக்குக் கிடைக்கும் என்பதைச் சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும். கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நிலம் வாங்கினால் மதிப்பைப் பொறுத்து பொதுவாக 5.5 சதவீதம் வரை டியூட்டி (நம் ஊர் முத்திரை வரி மாதிரி) ஏறும். கம்பெனி ஷேர் வாங்கினால் ஒரு காலத்தில் 0.6 சதவீதம்தான். 2016 ஜூலையிலிருந்து அதுவும் இல்லை. அப்படியென்றால் கட்டடத்தை விற்பானேன்? கட்டடத்தை வைத்திருக்கும் கம்பெனியை விற்றுவிட்டால் போயிற்று. 1980-களில் ஆஸ்திரேலியாவில் இது சர்வசாதாரணமாக நடந்தது. அதைத் தடுக்க மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் கொண்டுவந்தன. கம்பெனியின் சொத்தில் பெரும்பங்கு நிலமாக இருந்து, அதன் ஷேர்கள் பெருமளவு கை மாறினால், நிலமே கை மாறியதாக வைத்து வரி போடும் ஏற்பாடு அது.

பெரும்பங்கு என்றால் எவ்வளவு என்பதில் கோடு பல இடங்களில் 60 சதவீதத்தில் நின்றது. கோடு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு ரூபாய் கீழே நிற்கப் பார்ப்பது மனித இயல்பு. கம்பெனிகள் ரொக்கத்தைச் சேர்த்தன, கடன் கொடுத்து வைத்தன, தொழிலின் நற்பெயருக்கு (குட்வில்) மதிப்பைக் கூட்டிக் காட்டின. இந்த வழக்குகளில் பெரிய ஒன்று பேரிக் கோல்டு 2006-இல் பிளேசர் டோமை வாங்கிய விவகாரம். இரண்டும் கனடா கம்பெனிகள். பிளேசர் டோமுக்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் தங்கச் சுரங்கங்கள் இருந்தன. அதன் சொத்தில் நிலம் 60 சதவீதத்தைத் தொடுகிறதா, மீதி எல்லாம் நற்பெயரின் மதிப்பா என்று சண்டை நடந்து, 2018 டிசம்பரில் உயர் நீதிமன்றம் (ஆஸ்திரேலியாவில் எல்லாவற்றுக்கும் மேலான நீதிமன்றம் இதுதான்) வரி அதிகாரி பக்கம் தீர்ப்பளித்தது. வரித்தொகை 5 கோடி டாலருக்கு மேல்.

அந்த வழக்கு முடிவதற்கு முன்பே மாநிலங்கள் இந்தச் சதவீதச் சண்டையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டன. மேற்கு ஆஸ்திரேலியா 2008-இல், நியூ சவுத் வேல்ஸ் 2009-இல், விக்டோரியா 2012-இல் இப்போதிருக்கும் முறைக்கு மாறின. இன்று நியூ சவுத் வேல்ஸில், கம்பெனியிடமோ யூனிட் டிரஸ்டிடமோ (முதலீட்டாளர்கள் ஷேருக்குப் பதில் யூனிட் வைத்திருக்கும் டிரஸ்ட்) மாநிலத்துக்குள் 20 லட்சம் டாலர் மதிப்புக்கு நிலம் இருந்தால் போதும், அது ‘லேண்ட்ஹோல்டர்’. மற்ற சொத்து எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை. விக்டோரியாவில் இந்த வரம்பு 10 லட்சம். தனியார் கம்பெனியில் ஒருவர் கை 50 சதவீதத்தைத் தொட்டால் வரி. பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனி என்றால் 90 சதவீதம் தொட வேண்டும், அப்போதும் டியூட்டியில் பத்தில் ஒரு பங்குதான். தனியார் யூனிட் டிரஸ்டுக்கு விக்டோரியாவில் 20 சதவீதம். நியூ சவுத் வேல்ஸும் 2024 பிப்ரவரியிலிருந்து அதையே பின்பற்றுகிறது, பெரிய முதலீட்டாளர்களுக்கான ‘ஹோல்சேல்’ டிரஸ்டாகப் பதிவு செய்திருந்தால் மட்டும் 50.

இந்த வரலாற்றை இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. விலக்கு கேட்டு எழுதும் பத்துப் பேரில் ஒன்பது பேர் முதல் வரியிலேயே ‘எங்களுக்கு வரி ஏய்க்கும் எண்ணம் துளியும் இல்லை’ என்று ஆரம்பிப்பார்கள். பழைய சட்டத்தில் அதற்குக் கொஞ்சம் எடை இருந்திருக்கும். புதிய சட்டம் ஏய்ப்பவரை மட்டும் பிடிப்பதற்கு என்றே இல்லை. ஹோட்டல் நடத்தும் கம்பெனி, மாவு மில், முதியோர் இல்லம் என்று நேர்மையாகத் தொழில் செய்பவர்களையும் சேர்த்துத்தான் அது பிடிக்கிறது, தெரிந்தே பிடிக்கிறது. அதனால் ‘நான் ஏய்க்கவில்லை’ என்பது ஒரு பாயிண்ட்தான், பதில் ஆகாது.

சரி, விலக்கு அதிகாரத்துக்கு வருவோம். நியூ சவுத் வேல்ஸின் 1997-ஆம் ஆண்டு டியூட்டிஸ் சட்டத்தில் பிரிவு 163எச் என்று ஒன்று உண்டு. இந்த அத்தியாயத்தை இந்தக் குறிப்பிட்ட பங்கு மாற்றத்துக்குப் பொருத்துவது நியாயமாகவும் பொருத்தமாகவும் இருக்காது என்று தலைமை ஆணையருக்குப் பட்டால், அதை விலக்கு பெற்றதாக அவர் தீர்மானிக்கலாம் என்பது அதன் சாரம். எந்தெந்தச் சூழ்நிலை என்று பட்டியல் கிடையாது. ‘நியாயம்’ என்பதற்கு விளக்கமும் கிடையாது.

விருப்புரிமை என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு வீட்டு வசதி வாரியத்தின் விருப்புரிமை ஒதுக்கீடு ஞாபகத்துக்கு வரும்: மேலே இருப்பவர் மனம் வைத்தால் நடக்கும், யாரையாவது பிடித்தால் நடக்கும் என்ற நினைப்பு. இங்கே அந்தக் கதை இல்லை. ஒரு சட்டம் அதிகாரியிடம் விருப்புரிமையை விட்டால், அந்தச் சட்டத்தின் பொருளும் நோக்கமும் போட்ட எல்லைக்குள்தான் அதைப் பயன்படுத்தலாம் என்பதை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தில் நீதிபதி டிக்ஸன் 1947-இலேயே, பிரௌனிங் என்ற வழக்கில் சொல்லிவிட்டார். ஆகவே ‘தொழில் நொடித்துப்போயிருக்கிறது, கட்ட முடியாது’ என்பது இந்தப் பிரிவுக்கு ஆகாது. வரி கட்டச் சிரமம் என்றால் தவணை கேட்கலாம். அது வேறு மேஜை.

நான் யாருக்குச் சொன்னாலும் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: நடுவில் கம்பெனியே இல்லாமல், நிலம் நேரடியாக உங்கள் பேர்களில் இருந்து, இதே மாற்றம் நடந்திருந்தால் டியூட்டி வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால், ஷேர் வழியாகப் போனதற்கும் அதே வரி கேட்பதில் அநியாயம் என்ன இருக்கிறது என்று ஆணையர் கேட்பார். வந்திருக்காது, ஷேர் வழியாகப் போனதால் மட்டுமே வரி முளைத்திருக்கிறது என்றால், உங்களிடம் ஒரு வாதம் இருக்கிறது. இது சட்டத்தில் எழுதிய சோதனை அல்ல. ஆனால் இந்த வரி எதற்காகப் பிறந்ததோ அதிலிருந்தே வரும் கேள்வி. விக்டோரியாவில் இதை ஒட்டிய ஒரு விலக்கைச் சட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள்: நிலமாக மாற்றியிருந்தால் டியூட்டி இல்லை என்றால் பங்காக மாற்றியதற்கும் இல்லை.

இப்போது உங்கள் குடோனை இந்தக் கேள்விக்கு முன்னால் நிறுத்துங்கள். நிலம் மூவர் பேரிலும் 40, 40, 20 என்று கூட்டாக இருந்து, 20-க்காரர் தன் பங்கை மற்ற இருவருக்கும் பாதிப் பாதியாக விட்டுக்கொடுத்தால், ஆளுக்கு 3 லட்சம் டாலர் மதிப்புள்ள நிலம் வந்ததாகக் கணக்கு. 2024-25 விகிதப்படி ஆளுக்குச் சுமார் 8,700 டாலர் டியூட்டி. கம்பெனி வழியில்? ஆளுக்கு 10 சதவீதம் கூடியிருக்கிறது, 30 லட்சத்தில் 10 சதவீதம் 3 லட்சம், அதே 8,700. காசு சுற்றி வந்திருக்கிறதே தவிர, முடிவு ஒன்றுதான். ‘நாங்கள் எதையும் வாங்கவில்லை’ என்கிறீர்கள். விலகியவருக்குக் கொடுத்த பணம் கம்பெனிப் பணம். அதில் உங்கள் இருவர் பங்கும் உண்டு. சட்டமும் இதை எதிர்பார்த்தே எழுதியிருக்கிறது: ஷேரை ரத்து செய்வதால் ஒருவர் சதவீதம் கூடினாலும் அது பங்கு பெற்றதாகவே எண்ணப்படும்.

இங்கே இரண்டு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, மூன்று வருஷக் கணக்கு. உங்கள் 40 சதவீதத்தை நீங்கள் மூன்று வருஷத்துக்குள் வாங்கியிருந்தால், 50-ஐத் தொட்டவுடன் அந்த 40-ம் சேர்ந்துகொள்ளும். அப்போது வரி 3 லட்சத்துக்கு அல்ல, 15 லட்சத்துக்கு. சுமார் 65 ஆயிரம் டாலர். மூன்று வருஷம் முடிய இரண்டு மாதம்தான் பாக்கி என்றால், விலகுபவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்ல முடியுமா என்று பாருங்கள். இரண்டாவது, கடன். குடோன் மேல் 20 லட்சம் வங்கிக் கடன் இருந்தாலும் அதைக் கழிக்க மாட்டார்கள். விலகுபவர் கையில் வாங்குவது 2 லட்சமாக இருக்கலாம். டியூட்டி அவருடைய பங்கு நிலமான 6 லட்சத்துக்குத்தான்.

நீங்கள் இருவரும் சேர்ந்து போட்ட ஒரே ஏற்பாடு இது என்று பார்த்தால், இருவர் பங்கையும் கூட்டி 6 லட்சத்துக்கு ஒரே மதிப்பீடாகவும் போடலாம். விகிதம் படிப்படியாக ஏறுவதால் மொத்தம் 17 ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து 21,500 வரை போகும். ஒரே ஏற்பாடு என்ற இந்த வலை எவ்வளவு அகலம் என்பதற்கு மெல்பர்ன் பக்கத்து டயமண்ட் கிரீக் வழக்கைச் சொல்லலாம். ஆலிவர் ஹியூம் குழுமத்தின் கம்பெனி ஒன்று மனை போடுவதற்காக 18 முதலீட்டாளர்களிடம் ஷேர் கொடுத்து 18 லட்சம் டாலர் திரட்டியது. தனியாக யாரும் 50 சதவீதத்தைத் தொடவில்லை. ஆனாலும் ஒரே அழைப்பின் பேரில், ஒரே நிபந்தனைகளில், ஒரே திட்டத்துக்காக வந்த பணம் என்பதால் எல்லாரையும் கூட்டியது சரியே என்று விக்டோரியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-இல் சொல்லிவிட்டது. சிறு முதலீட்டாளர்களைச் சேர்த்து மனை போடுகிறவர்கள் அன்றிலிருந்து வக்கீலைப் பார்க்காமல் ஷேர் கொடுப்பதில்லை. என்னைக் கேட்டால், அந்த முடிவு சட்டத்தின் வார்த்தைக்குச் சரி, வார்த்தைதான் தேவைக்கு மேல் அகலம்.

சரி, எதற்குத்தான் கிடைக்கும்? ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு கம்பெனியிடம் 40 லட்சம் டாலருக்குக் கடைக் கட்டடம் இருக்கிறது. மொத்தம் 10,000 ஷேர். புதிதாக ஒருவருக்கு 600 ஷேர் கொடுக்க முடிவாகிறது. அக்கவுண்டன்ட் அலுவலகத்தில் படிவத்தை நிரப்பிய பையன் இரண்டு சைபர் கூடப் போட்டு 60,000 என்று அடித்துவிட்டான். அதே எண் பங்குப் பதிவேட்டிலும் ஏறி, கம்பெனிகளைப் பதிவு செய்யும் மத்திய அமைப்பான ஏஎஸ்ஐசி-க்குப் போன படிவம் 484-லும் போய்விட்டது. காகிதத்தில் அந்தப் புதியவர் இப்போது சுமார் 86 சதவீத உரிமையாளர். வர்த்தகக் கட்டடத்துக்கான விகிதப்படி டியூட்டி 1 லட்சத்து 70 ஆயிரத்தைத் தொடும். சரி, திருத்துவோம் என்று அந்த ஷேர்களை ரத்து செய்தால் பழைய பங்குதாரர்கள் 14 சதவீதத்திலிருந்து மறுபடி 94-க்கு ஏறுவார்கள். அது இன்னொரு வரி! ஒரு விரல் பிசகியதற்கு இரண்டு டியூட்டி. நிலத்தை நேரடியாக எழுதியிருந்தால் பத்திரத்தில் இந்தப் பிழை வந்தாலும் திருத்தப் பத்திரத்தோடு முடிந்திருக்கும்.

இந்த மாதிரி இடத்துக்குத்தான் 163எச் இருக்கிறது. ஆனால் ‘தவறு நடந்துவிட்டது’ என்று சொன்னால் மட்டும் நம்பிவிட மாட்டார்கள். 600 என்று எழுதிய இயக்குநர் தீர்மானம், 600 ஷேருக்கு மட்டும் வந்த பணத்தின் வங்கிக் கணக்கு, அக்கவுண்டன்டுக்குப் போன மின்னஞ்சல், நடுவில் அந்தப் புதியவர் 86 சதவீதக்காரராக ஓட்டுப் போடவில்லை, டிவிடெண்ட் வாங்கவில்லை என்பதற்கான பதிவு, இவை எல்லாம் வேண்டும். எல்லாம் தவறு தெரிவதற்கு முந்தைய தேதியில் இருக்க வேண்டும். வரி மதிப்பீடு வந்த பிறகு எழுதின தீர்மானத்துக்கு மதிப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டைத் திருத்தும்படி கார்ப்பரேஷன்ஸ் சட்டத்தின் 175-ஆம் பிரிவில் நீதிமன்ற உத்தரவு வாங்க முடிந்தால் கை இன்னும் பலப்படும்.

இன்னொரு வகை, பினாமி மாதிரியான ஏற்பாடு. இங்கே அது அவ்வளவு கெட்ட வார்த்தை இல்லை. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து ஷேர் தம்பி பேரில், பணம் முழுக்க அண்ணன் போட்டது, ‘இது அண்ணனுடையதுதான்’ என்று அன்றே எழுதிய டிரஸ்ட் பத்திரமும் இருக்கிறது. இப்போது ஷேரை அண்ணன் பேருக்கு மாற்றுகிறார்கள். உண்மையான உரிமை இடம் மாறவில்லை. நிலத்திலும் இதற்குச் சலுகை இருக்கிறது, பணம் போட்டவர் யார் என்பதைக் காட்ட முடிந்தால். அதனால் வாதம் நிற்கும். பத்திரம் இல்லாமல் வாய்வார்த்தை மட்டும் என்றால் தடுமாறும். நம் குடும்பங்களில் பெரும்பாலும் வாய்வார்த்தைதான் என்பது வேறு விஷயம்.

அடுத்தது எல்லாரும் இடறும் இடம். கணவர் தன் கம்பெனி பேரில் வீடு வாங்கி அதில் குடும்பத்தோடு இருக்கிறார். பாதி ஷேரை மனைவிக்குக் கொடுக்கிறார். ‘குடியிருக்கும் வீட்டைத் தம்பதிகள் பாதிப் பாதியாக மாற்றிக்கொண்டால் டியூட்டி இல்லையே, அதே விலக்கை எனக்கும் கொடு’ என்கிறார். மேலே சொன்ன கேள்விக்கு இது பாஸாகும் போலத் தெரியும். ஆனால் வீடு கணவருடையது அல்ல, கம்பெனியுடையது. கம்பெனி அந்த வீட்டை மனைவிக்கு எழுதிக்கொடுத்திருந்தால் டியூட்டி வந்தே இருக்கும். கடன்காரர் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும், வரி குறைய வேண்டும் என்று கம்பெனியை நடுவில் நிறுத்தியது அவர்தான். வசதியான நாளில் ‘கம்பெனி வேறு, நான் வேறு’, வசதியில்லாத நாளில் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்றால் எடுபடாது. நீங்களே தேர்ந்தெடுத்த அமைப்பின் விளைவை அநியாயம் என்று சொல்வது கடினம்.

இதே காரணத்தால்தான், தனிப் பிரிவு இருக்கும் விஷயத்துக்கு 163எச்-ஐத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. உயில்படி வாரிசுக்கு வரும் ஷேர், மணமுறிவில் பிரியும் ஷேர், திவால் நிர்வாகியிடம் போவது, இவற்றுக்கெல்லாம் நேரடி விலக்குகள் உண்டு. ஆணையர் மனம் வைக்கத் தேவையில்லை. உயிலில் 30 சதவீதம் என்று இருக்க, அண்ணன் தம்பி பேசி 50 எடுத்துக்கொண்டால், அந்த அதிகப்படி 20 உயிலில் வந்தது ஆகாது. ஒரே குழுமத்துக் கம்பெனிகளுக்குள் மாற்றிக்கொள்வதற்கும் தனி ஏற்பாடு இருக்கிறது: முன்பு முழு விலக்கு, நியூ சவுத் வேல்ஸில் 2024 பிப்ரவரியிலிருந்து டியூட்டியில் 10 சதவீதம் கட்ட வேண்டும். ‘அந்த 10 சதவீதமும் நியாயமில்லை’ என்று பின்வாசலில் வந்தால், சட்டமன்றம் யோசித்து வைத்த தொகையை ஆணையர் ஏன் துடைக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து முதலீடு வருபவர்களுக்கு ஒன்று. இந்தியாவில் ஷேர் மாற்றத்துக்கு 0.015 சதவீத முத்திரை வரிதான், கம்பெனிக்குள் எவ்வளவு நிலம் இருந்தாலும். அந்தப் பழக்கத்தில் சென்னையில் இருக்கும் அண்ணன் பேரில் பாதி ஷேரை இங்கே எழுதிவிடுகிறார்கள். கம்பெனியிடம் இருப்பது குடியிருப்பு நிலம் என்றால் அவர் ‘வெளிநாட்டவர்’ கணக்கில் வருவார், லேண்ட்ஹோல்டர் டியூட்டிக்கு மேல் 9 சதவீதம் கூடுதல் வரி சேரும் (2025 ஜனவரிக்கு முன் 8). தெரியாமல் செய்தேன் என்பது விலக்குக்குக் காரணமாகாது.

நடைமுறை. 50 சதவீதத்தைத் தொட்ட நாளிலிருந்து நியூ சவுத் வேல்ஸில் மூன்று மாதத்துக்குள் அறிக்கை கொடுத்து டியூட்டி கட்ட வேண்டும். விக்டோரியாவில் 30 நாள். விலக்கு கேட்கிறோம் என்பதற்காக அறிக்கையைத் தள்ளிப்போடாதீர்கள். முடிவு பாதகமாக வந்தால் சந்தை வட்டியோடு இன்னும் 8 சதவீதம் சேர்த்து ஓடும், தாமதத்துக்கு 25 சதவீத அபராத வரியும் போடலாம். அறிக்கையையும் விண்ணப்பத்தையும் ஒன்றாகக் கொடுங்கள். விண்ணப்பம் நாலு பக்கம் இருந்தால் போதும்: மாற்றத்துக்கு முன் யாரிடம் எத்தனை, பின் எத்தனை, ஒவ்வொரு படியும் எந்தத் தேதி, எதற்காக. நிலம் நேரடியாக மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கணக்கை நீங்களே போட்டுக் காட்டுங்கள். உங்களுக்குப் பாதகமான ஆவணத்தையும் மறைக்காமல் வையுங்கள். அவர்களே கண்டுபிடித்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

மறுத்துவிட்டால் 60 நாளுக்குள் ஆட்சேபம். அதுவும் தள்ளுபடியானால், அல்லது 90 நாள் ஆகியும் பதில் வராவிட்டால், என்கேட் (NCAT) என்ற மாநிலத் தீர்ப்பாயத்துக்கோ மாநில சுப்ரீம் கோர்ட்டுக்கோ போகலாம். அங்கே ஆணையர் செய்தது தவறா என்று மட்டும் பார்க்காமல், ஆணையரின் இடத்தில் தாங்களே உட்கார்ந்து புதிதாக முடிவெடுக்கலாம், புதிய சாட்சியமும் வைக்கலாம். நிரூபிக்கும் பொறுப்பு மட்டும் கடைசிவரை உங்கள் தலையில்தான்.

உங்கள் விஷயத்தில் இருப்பது ஆளுக்கு 8,700 டாலர் என்றால், வக்கீல் கட்டணமே அதைத் தாண்டிவிடும். கட்டிவிடுங்கள். உங்கள் 40 சதவீதத்தை எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்பதை மட்டும் பதிவேட்டில் ஒருமுறை பார்த்துவிட்டு, அதன் பிறகு ஷேரை ரத்து செய்யும் தீர்மானத்தில் கையெழுத்துப் போடுங்கள்.